ஐந்து சென்டில் யார் யாருக்கு இடம்?



பொதுக்காலம் 23ஆம் ஞாயிறாகிய இன்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும் காட்சியை நாம் தினமும் பார்க்கிறோம். ஒருவன் கோபுரம் கட்டத் தொடங்குகிறான். அடித்தளம் போட்டதோடு கையிருப்பு தீர்ந்துபோகிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்கள். போடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தூண் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு ஒன்றாவது இருக்கும். மழை இறங்காமலிருக்க அந்தக் கம்பிகளில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். கேட்டால், "மேல்மாடியைப் பிறகு எடுத்துக்கலாம் சாமி" என்பார்கள். கீழ்வீட்டுக்குப் பூச்சு வேலையே முடிந்திருக்காது.

ஏலக்காய் ஊர் நம் ஊர். காய் விலை ஏறினால் வீட்டு ஆசையும் சேர்ந்து ஏறும். 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து வரத்து குறைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை போனது. இரண்டே ஆண்டில் அதே காய் ஆயிரம் ரூபாயைச் சுற்றித் தள்ளாடியது. ஏழாயிரத்தை நம்பி வானம் தோண்டியவர் ஆயிரத்தில் எப்படித் தளம் போட முடியும்? விடியுமுன்னே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் பறிக்கப் போகிற நம் பெண்களின் கூலியோ அந்த ஏழாயிரத்தோடு சேர்ந்து ஏறவில்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஆண்டவர் இங்கே கொத்தனார் வேலை கற்றுத்தரவில்லை. தம் பின்னால் வருவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறார். அப்பா, அம்மா, மனைவி, மக்களைவிடத் தம்மை மேலாக வைக்கக் கேட்கிறார். உடைமை எல்லாவற்றையும் விட்டுவிடவும் கேட்கிறார். அப்படிப்பட்ட நற்செய்தியை வைத்துக்கொண்டு இந்தச் சாமியார் குடும்ப வீட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் சீடனாகிறவன் செய்ய வேண்டியதைச் சொல்ல ஆண்டவர் எடுத்துக்கொண்டது வீடு கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் அந்த நேரத்தைத்தான். "கடவுள் பார்த்துக்குவார்" என்று கணக்கே போடாமல் கடன் வாங்குவதை நாம் சில சமயம் நம்பிக்கை என்று எண்ணிக்கொள்கிறோம். ஆண்டவர் அதை அப்படிச் சொல்லவில்லை.

என் மனதில் நிற்கும் கேள்வி ஒன்றுதான். உட்காரச் சொல்கிறாரே, நாம் யாரோடு உட்காருகிறோம்?

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தாத்தா வாங்கிப்போட்ட ஐந்து சென்ட் மனை. அதில் பழைய ஓட்டு வீடு, பின்னால் ஒரு முருங்கை, சுவரை ஒட்டித் துவைகல். மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். முகப்பு அழகாக இருக்கிற வீட்டுப் படம் ஒன்றை அவன் போனில் அனுப்புகிறான். மேஸ்திரி அதைப் பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் கோடு இழுக்கிறார். சித்தப்பா வாஸ்து சொல்கிறார். தரகர் ஒருவர் சும்மாவே வந்து உட்கார்ந்திருக்கிறார். நாலு ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் இனி இருபது வருடம் சமைத்து, கூட்டி, படுத்து, நோயில் கிடந்து வாழப்போகிற அம்மா உள்ளே அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறார். டம்ளரை வைக்க வரும்போது நோட்டை எட்டிப் பார்க்கிறார். "என்னத்தா, பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு சொல்லோடு அவரைக் கலந்துகொண்டதாகக் கணக்கு முடிந்துபோகிறது.

விவிலியத்தில் ஒரு அறையை அதற்குள் என்னென்ன வேண்டும் என்பது வரை நினைத்துத் திட்டம் போட்டவர் ஒரு பெண். அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்மணி அவர். இறைவாக்கினர் எலிசா அந்த வழியாக அடிக்கடி போகிறார். அவர் தங்க மாடியில் சிறிய அறை கட்டலாம் என்று அந்த அம்மா கணவரிடம் சொல்கிறார். அறைக்குள் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு வேண்டும் என்று அவரே முடிவு செய்கிறார். நடந்து களைத்து வருகிற மனிதருக்கு இரவில் என்ன தேவை என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறார். கணவர் மறுத்ததாக எங்கும் இல்லை. எலிசா வந்து தங்கியதைத்தான் அடுத்து வாசிக்கிறோம்.

இன்றைய இரண்டாம் வாசகம் பிலமோனுக்குப் பவுலடியார் எழுதிய கடிதம். பிலமோன் வசதியானவர். அவர் வீட்டில்தான் சபை கூடுகிறது. அவரிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒனேசிமு. அவனைப் பவுல் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதி அனுப்புகிறார். கேட்க எளிதாக இருக்கிறது. அவன் திரும்பி வந்த அன்று இரவு எங்கே படுத்தான்? பழையபடி வேலைக்காரர் படுக்கிற மூலையிலா? எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டான்? சகோதரன் என்று எழுத்தில் வந்தது வீட்டின் அமைப்பில் வந்ததா என்று விவிலியம் சொல்லவில்லை. இன்று வாசித்த பகுதிக்குச் சற்றுக் கீழே பவுல் இன்னொன்றும் கேட்கிறார். தமக்கும் தங்க ஓர் அறை ஆயத்தம் செய்து வைக்கச் சொல்கிறார். திருத்தூதர் விருந்தினராக வருகிற வீட்டில் ஒனேசிமுவுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். பிலமோனுக்கு வந்த சோதனை அது. நம் வீட்டு வாசலில் வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதை நான் அறிவேன். புதுவீட்டுக்குப் போகும்போது அந்த டம்ளரையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இனி மனைக்கு வருவோம். வரைபடத்துக்கு முன்னால் பத்திரம் இருக்கிறது. ஏற்கனவே இருக்கிற மனையில் கட்டப்போகிறவர்கள் பெரும்பாலும் அப்பா பெயரில் அல்லது தாத்தா பெயரில் பட்டா இருக்க, நேரே செங்கல் இறக்கிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளும் மனைவியும் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மிச்சம் பிள்ளைகளுக்குச் சமபங்கு. இதில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. மலைக்கு அந்தப்பக்கம், பழைய திருவிதாங்கூரில், நிலைமை வேறாக இருந்தது. 1916இல் வந்த அங்கத்திய சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை மாற்றினார். போடியிலிருந்து அந்தப்பக்கம் வாக்கப்பட்டுப் போன அக்கா தங்கைகள் நமக்கு உண்டு. "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்று சொல்லி அவளிடம் கேட்காமலே வீடு எழுப்புகிறோம். தங்கை விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. அவளிடம் கேளாமல் கட்டினால், வீடு மந்திரிக்க என்னை அழைக்கும்போது நான் என்ன சொல்லி மந்திரிப்பது? முதலில் போன் போட்டு அவளைக் கூப்பிடுங்கள். அவளும் உட்காரட்டும்.

மேரி ராய் தம் பள்ளியைக் கட்ட அழைத்தது லாரி பேக்கரை. அவரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நம் மலையின் தொடர்ச்சியாகிய வாகமண்ணில் சில காலம் வாழ்ந்தவர் அவர். இங்கிலாந்தில் பிறந்த குவேக்கர் சபைக் கிறிஸ்தவர், கட்டடக் கலைஞர். தொழுநோயாளர் மருத்துவமனைக் கட்டடங்களுக்காக 1945இல் இந்தியா வந்தார். மலையாளி மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலை அடிவாரத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1960களில் வாகமண்ணுக்கும் பிறகு திருவனந்தபுரத்துக்கும் வந்தார். 2007இல் இறக்கும்வரை எளிய மக்களுக்குக் கட்டிக்கொண்டே இருந்தார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் அவரிடம் சொல்லியிருந்தார். அதை அவர் கடைசிவரை விடவில்லை.

முந்தல், குரங்கணிப் பக்கம் சரிவில் மனை வைத்திருப்பவர்கள் இந்த மனிதர் சொன்னதைக் கொஞ்சம் கேளுங்கள். சரிவு இறங்கும் போக்கிலேயே வீட்டை நீட்டினால் ஒரு முனையில் மலையை வெட்ட வேண்டும், மறுமுனையில் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். சரிவின் மட்டத்தை ஒட்டி நீளவாக்கில் வைத்தால் வெட்டும் குறையும், அடித்தளச் செலவும் குறையும். படிப்படியாக வெட்டிய நிலமென்றால் விளிம்பில் கட்டாமல் நடுவில் கட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம். வானம் தோண்டும்போது மண்ணை வெளிப்பக்கம் வீசிவிட்டு, பிறகு தளத்தை நிரப்ப அதே மண்ணைக் கூலி கொடுத்து உள்ளே அள்ளிப் போடுகிறோம். முதலிலேயே உள்பக்கம் வீசினால் என்ன என்று கேட்டார் அவர். ஒரு சித்தாளின் தலையிலிருந்து எத்தனை சட்டிச் சுமை இறங்கும் என்று கணக்குப் போடுங்கள். செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையையும் அவர் பரப்பினார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், சுவர் வெயிலையும் அதிகம் கடத்தாது. பங்குனி வெயிலில் போடி எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரிவைப் பற்றிப் பேசும்போது பெட்டிமுடியை மறக்க முடியாது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அப்பால், மலை இறங்கிவந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தங்கள் வீடு எந்த இடத்தில் நிற்க வேண்டும், ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்ததில்லை. தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில் இருந்தார்கள். நமக்கு ஐந்து சென்ட் இருக்கிறது, யோசிக்க ஒரு மாதம் இருக்கிறது. அந்த வாய்ப்பை முகப்பு வளைவுக்கு எந்த டைல்ஸ் என்று பேசியே தீர்த்துவிடுகிறோம். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கீழ்வீட்டுக்காரர் சுவரில் போய் விழுந்தால் ஐப்பசியில் சண்டை வரும். மழைநீர்த் தொட்டி வையுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் அது சட்டமாகவே இருக்கிறது.

இப்போது உள்ளே போவோம். மேஸ்திரி முளை அடித்து நூல் பிடிக்கிற நாளைக் கவனித்திருக்கிறீர்களா? மூலையிலிருந்து ஒரு பக்கம் மூணடி அளந்து குறி வைப்பார், மறுபக்கம் நாலடி. இரண்டு குறிக்கும் இடையே டேப்பைப் பிடித்தால் சரியாக அஞ்சடி வர வேண்டும். வந்தால்தான் மூலை மட்டம். அரை அங்குலம் தவறினாலும் முளையைப் பிடுங்கித் திரும்ப அடிப்பார். அவ்வளவு கவனத்தோடு மூலை பார்க்கிற அதே நாளில் இன்னொன்றும் செய்யுங்கள். நூலுக்குள் சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் கோடு போடச் சொல்லி, வீட்டிலிருக்கிற கட்டிலையே தூக்கி வந்து உள்ளே வையுங்கள். பத்துக்குப் பத்து அறை காகிதத்தில் பெரிதாகத் தெரியும். கட்டிலும் பீரோவும் வைத்தபின் அப்பத்தா கைத்தடியோடு திரும்ப இடமிருக்கிறதா என்று அப்பத்தாவையே நடக்கச் சொல்லுங்கள்.

படுக்கையறை எல்லாம் மாடியில், கீழே பெரிய ஹால் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஹாலில் வருடத்துக்கு நாலு முறை விருந்தாளி உட்காருவார். அம்மாவின் முட்டி தினமும் படியேறும். கீழே ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் கழிப்பறை, இவை இரண்டும் இல்லாமல் எந்த வரைபடத்துக்கும் சரி சொல்லாதீர்கள். கழிப்பறைக் கதவு வழக்கமாக இரண்டரை அடி வைக்கிறார்கள். மூன்றடி வையுங்கள், நாளைக்குச் சக்கர நாற்காலி நுழைய வேண்டியிருக்கலாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

சமையலறைக்கு அக்கினி மூலை பார்க்கிறீர்கள். நான் அதைப் பற்றி வாதாடப் போவதில்லை. எந்த மூலையானாலும் அடுப்பு முன்னால் நிற்பவருக்குக் காற்று வர ஜன்னல் இருக்கிறதா, மேடை அவர் உயரத்துக்கு இருக்கிறதா? மேடையை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே கோடு போடுங்கள். ஐந்து நிமிட வேலை. முப்பது வருடத் தோள்வலி குறையும்.

மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைப்பதைப் பற்றிக் கட்டளையே இருக்கிறது. இணைச்சட்டம் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் கூரையைச் சுற்றிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று மோசே சொல்கிறார். மிளகும் வத்தலும் காயப்போடுகிற மாடி, பிள்ளைகள் ஓடியாடுகிற மாடி. செலவு மிச்சம் என்று இரண்டடியில் நிறுத்துகிறார்கள். தேசியக் கட்டட விதி ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. மோசேயும் பொறியாளரும் ஒரே பக்கம் நிற்கும்போது மேஸ்திரி பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

பணத்துக்கு வருகிறேன். எரேமியா 22ஆம் அதிகாரத்தில் அரசன் யோயாக்கிமைத் திட்டுகிறார். விசாலமான மேலறை, அகன்ற ஜன்னல், கேதுரு மரப்பலகை, சிவப்புச் சாயம் எல்லாம் வைத்து அவன் மாளிகை எழுப்பினான், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை கொத்தனாரும் சித்தாளும் வாசலில் நிற்கையில் "சிமெண்டு கடைக்குக் கொடுத்துட்டேன், அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்க" என்று சொல்லிப் பழகியவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். சிமெண்டுக் கடைக்காரர் இரண்டு வாரம் பொறுப்பார். சித்தாளுக்கு அந்த இரவே உலை வைக்க வேண்டும்.

ஆகவே உட்காரும்போது எதைச் சேர்க்கலாம் என்பதோடு எதை விடலாம் என்றும் எழுதுங்கள். இன்றைய நற்செய்தி கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். போர்டிகோவை விடலாம். முகப்பு வளைவை விடலாம். மேல்மாடிக் கம்பியைக்கூட விடலாம். பேக்கர் திருவனந்தபுரத்தில் தம் சொந்த வீட்டைப் பாறைச் சரிவு ஒன்றில் சிறிதாகத் தொடங்கினார், தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 2024 முதல் அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய், வீடு 360 சதுர அடி. நம் பங்கில் அந்த 360 அடிக்கே இன்னும் வழி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற தெருவில்தான் நாம் வீட்டு அளவைத் தீர்மானிக்கிறோம்.

சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வானம் தோண்டி அடித்தளம் முடிக்க நினைப்பவர்கள் இப்போதே வரைபட அனுமதிக்குப் போடுங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் ஐந்து சென்ட் 2,178 சதுர அடிதான். அடிக்கல் மந்திரிக்க வேண்டியவர்கள் உபதேசியாரிடம் நாள் சொல்லுங்கள். வரும்போது வரைபடத்தையும் கொண்டுவாருங்கள், வீட்டுப் பெண்களும் சேர்ந்து வாருங்கள், அவர்களிடம் நான் சில கேள்விகள் கேட்பேன். இன்னும் ஒன்று. வேலை தொடங்கும் வாரத்திலேயே செப்டிக் டேங்கும் ஒரு கழிப்பறையும் முதலில் கட்டிவிடுங்கள், கதவும் தாழ்ப்பாளும் போட்டு. ஆறு மாதம் உங்கள் மனையில் மண் சுமக்கப்போகிற சித்தாள் பெண்கள் மறைவிடம் தேடிப் புதர்ப்பக்கம் போகக் கூடாது.

எழுந்து நிற்போம். நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.